காட்டு வழியும் துவிச்சக்கர வண்டியும்

ஒரு நாட்டின் ஊடாகச் செல்வது வேறு. அந்நாட்டைக் காண்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் இக்காலத்திலே பெருகி வருகின்றது. காலையில் யாழ்ப்பாணத்திலே பஸ் வண்டியில் ஏறிக் கண்டி வீதி வழியே ஓடி நண்பகலில் வேறொரு நகரில் இறங்கும் ஒருவர், வன்னிப் பெருநிலத்தைக் கடந்துவிட்டார் என்பது உண்மை. அதனைக் கண்டார் என்பது உண்மையன்று. கண்ணாடிக்கு அப்பாற் பச்சைநிறக் கோடொன்று ஓடிற்று, இடையிடையே கடைகள் சில தோன்றி மறைந்தன, அவ்வளவே. நம் பாடசாலைகள் ஆண்டுதோறும் நடத்தும் கல்விச் சுற்றுலாக்களின் நிலையும் பெரும்பாலும் இதுவேயாம். பாட்டும் கூத்துமாய் வண்டி செல்லும், மாணவர் மீள்வர். எந்தக் குளத்தின் நீர் எந்த வயலுக்குப் பாய்கின்றது என்று மறுநாள் வினவினால் விடை கூறுவார் அரியர்.

இக்குறைக்கு மருந்தாக யாம் கருதுவது புதுமையான பொருளொன்றன்று. அது நம்மவர் வீட்டுச் சுவரோரத்திலே சாய்ந்து நிற்கும் துவிச்சக்கர வண்டியே. மோட்டார் வாகனங்களின் ஆரவாரம் இல்லாத காட்டு வழிகளாலும் குளக்கட்டுகளாலும் பழைய கிராமங்களை இணைத்து, அவ்வழிகளிலே நம் இளைஞரைத் துவிச்சக்கர வண்டியிற் செல்லவிடல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கோரிக்கை. கல்லூரியின் யூபிலி மலரிலே இதனை எழுதுவதற்குக் காரணமும் உண்டு. இப்பணியைத் தொடங்கவல்லார் அரசினரோ சுற்றுலா வணிகரோ அல்லர். பழைய மாணவரும் இன்றைய மாணவரும் ஆசிரியருமே என்பது எமது துணிபு.

துவிச்சக்கர வண்டியின் அருமையை நம்மவர்க்கு எடுத்துரைப்பது கொல்லன் தெருவிலே ஊசி விற்பதை ஒக்கும். 1888ஆம் ஆண்டிலே டன்லொப் என்பார் பெல்பாஸ்ற் நகரிற் காற்றடைத்த சில்லை இயற்றியபின், உலகெங்கும் ஏழையின் குதிரையாக விளங்கியது இவ்வண்டி. நம் குடாநாடோ மேடு பள்ளமற்ற சமநிலம். இவ்வண்டிக்கென்றே அமைந்தது போன்றது. றலி வண்டியொன்றைத் தந்தை ஓட்ட, பின்னர் மகன் ஓட்ட, அதன்பின் பேரனும் ஓட்டிய குடும்பங்கள் பல. 1990ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது எரிபொருள் அரிதாகியது. வடபுலத்து மக்களின் வாழ்வு முழுவதையும் சுமந்தது இவ்வண்டியே. விறகும் நெல்லும் அதன்மேற் சென்றன. நோயாளரும் மணமக்களுங்கூட அதன்மேற் சென்றனர். மின்சாரமற்ற இரவுகளிலே வண்டியை நிறுத்திவைத்துச் சில்லைச் சுழற்றி, அதன் டைனமோவினால் வானொலியை இயக்கி உலகச் செய்தி கேட்டவர் நம்மிடையே இன்றும் உளர்.

அக்காலத்திலே தேவை நம்மை இவ்வண்டியில் ஏற்றியது. தேவை நீங்கியதும் நாம் அதினின்று இறங்கிவிட்டோம். இது இயல்பே; குறை கூறுவதற்கில்லை. வறுமையின் சின்னமாகத் தோன்றிய ஒன்றை வசதி வந்தபோது விலக்குதல் மனித இயற்கை. ஆயினும், துன்பக் காலத்தில் நமக்குக் காலாயிருந்த பொருள் இன்பக் காலத்தில் நமக்குக் கண்ணாயிருத்தல் கூடும் என்பதை யாம் எண்ணிப் பார்க்கத் தவறலாகாது.

வேகத்தின் கணக்கை நோக்குவோம். நடப்பவன் ஒரு மணி நேரத்தில் 5 கிலோமீற்றர் செல்வான். துவிச்சக்கர வண்டியில் அவசரமின்றிச் செல்பவன் 15 கிலோமீற்றர் செல்வான். பஸ் வண்டி 50 கிலோமீற்றரும் அதற்கு மேலும் ஓடும். நடப்பவனுக்கு ஒரு நாளில் ஓரிரு கிராமங்களே எட்டும். பஸ்ஸிற் செல்பவனுக்கு இருபது ஊர்ப்பெயர்ப் பலகைகள் தென்படும். ஊர் ஒன்றேனும் தென்படாது. இடைப்பட்ட வேகமோ பார்வைக்கு ஏற்றது. பாலை மரம் இது, வீரை இது, முதிரை இது என்று இனம் பிரித்தறியவும், வழியிற் கண்டவரிடம் ஒரு சொற் பேசவும், பிடித்த இடத்திற் காலூன்றி நிற்கவும் அது இடந்தரும். இயந்திர ஒலி இன்மையாற் காதும் தன் தொழிலைச் செய்யும். காட்டுக்கோழி கூவுவதையும் வாய்க்கால் நீர் மதகில் விழுவதையும் கண்ணுக்கு முன்னே காது அறிவிக்கும்.

இவையெல்லாம் கவிஞர் கனவு எனச் சிலர் நகைக்கலாம். அன்னார்க்கு ஐரோப்பாவிலே நிகழ்ந்த ஒன்றை எடுத்துக்காட்ட விரும்புகின்றோம். பெல்ஜியம் நாட்டின் வடகிழக்கிலே லிம்பர்க் என்றொரு மாகாணம் உண்டு. அதன் வடபகுதி கெம்பன் எனப்படும் மணற்பாங்கான வறுநிலம். 1901ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அங்கே நிலக்கரி கண்டுபிடிக்கப்பட்டது. காலப்போக்கில் ஏழு சுரங்கங்கள் தோன்றின. சுரங்கக் கூரையைத் தாங்கும் முட்டுக்கம்பங்களின் தேவைக்காக அம்மணல் நிலத்திலே பைன் மரக்காடுகள் வளர்க்கப்பட்டன. உழவர் பிள்ளைகள் நிலத்தின் கீழ் இறங்கி உழைத்தனர். பின்னர் நிலக்கரியின் காலம் முடிந்தது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. 1992ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திற் சொல்டர் என்னும் இடத்துச் சுரங்கமும் மூடப்பட்டது. வேலையிழந்த மக்கள், கைவிடப்பட்ட இருப்புப்பாதைகள், கரிக்கழிவுக் குன்றுகள், உரியவர் மறந்த காடுகள் ஆகிய இவையே எஞ்சின.

அந்நிலையில் ஹியூகோ பொல்லன் என்னும் சுரங்கப் பொறியியலாளர் ஓர் எளிய வழி கண்டார். நிலத்தினடியிலே குறுக்கும் நெடுக்குமாய்ச் செல்லும் சுரங்கப்பாதைகளில் இலக்கங்களைக் கொண்டு இடமறிவது சுரங்கத்தார் வழக்கம். அம்முறையை அவர் நிலத்தின் மேலே கொணர்ந்தார். வாகனம் குறைந்த பாதைகள் ஒன்றையொன்று சந்திக்கும் ஒவ்வொரு சந்திக்கும் ஓர் இலக்கம் இடப்பட்டது. அச்சந்தியில் நிற்கும் பலகை, அடுத்துள்ள சந்திகளின் இலக்கங்களையும் அவை எத்திசையில் உள்ளன என்பதையும் காட்டும். புறப்படும்போது தான் செல்ல விரும்பும் சந்திகளின் இலக்கங்களை ஒரு சிறு தாளிற் குறித்துக்கொண்டால் போதும்; வழிகாட்டி வேண்டா, அந்நாட்டு மொழியறிவும் வேண்டா. இவ்வமைப்பு 1995ஆம் ஆண்டில் லிம்பர்க்கிலே தொடங்கிற்று. இன்று அம்மாகாணத்தில் மட்டும் இவ்வழிகளின் நீளம் ஏறத்தாழ 2,000 கிலோமீற்றர். அயலிலுள்ள ஒல்லாந்து நாடு முழுவதிலும் ஜெர்மனியின் சில பகுதிகளிலும் இம்முறை பரவியுள்ளது.

இதிற் கவனிக்கத்தக்கது யாதெனில், அவர்கள் புதிதாக வீதி அமைத்தது மிகக் குறைவு. கால்வாய்க்கரைப் பாதை, பழைய இருப்புப்பாதையின் தடம், உழவர் வண்டிச்சாலை, காட்டுப்பாதை என முன்னரே கிடந்தவற்றைத் தொடுத்தனர், அவ்வளவே. மாலைக்குப் பூ முன்பே இருந்தது. நார் ஒன்றே வேண்டியிருந்தது. அவ்வழியே செல்பவர் பைன் காட்டின் நிழலினூடே பழைய ஊர்களை அடைகின்றனர். வான் ஐக் என்னும் ஓவியச் சகோதரரின் பிறப்பிடமெனப் போற்றப்படும் மாசைக் நகரம், 1220ஆம் ஆண்டில் வீரத்துறவியர் அமைத்த ஆல்டன் பீசன் மாளிகை, பழைய பண்ணை வீடுகளைப் பெயர்த்துக் கொணர்ந்து மீளக்கட்டி 1958ஆம் ஆண்டிலே திறந்த பொக்றைக் அருங்காட்சியகம் ஆகிய யாவும் இவ்வழிகளால் எட்டத்தக்கன.

அடிப்படை வேலை செவ்வனே நடந்தேறிய பின்னரே அவர்கள் அணிசெய்ய முற்பட்டனர். 2016ஆம் ஆண்டிலே பொக்றைக் அருகில் ஒரு குளத்தின் நடுவே 200 மீற்றருக்குச் சற்று மேற்பட்ட பாதையொன்றை அமைத்தனர். அதிற் செல்பவரின் கண்மட்டத்திலே இருமருங்கும் நீர் நிற்கும். 2019ஆம் ஆண்டிலே ஹெக்டல்-எக்ஸல் என்னும் ஊரின் காட்டில் 700 மீற்றர் நீளமுள்ள வட்டப்பாதையொன்றை எழுப்பினர். அது படிப்படியாய் உயர்ந்து 10 மீற்றர் உயரத்திலே மரக்கிளைகளின் நடுவே செல்லும். இவை கண்ணைக் கவர்வன. எனினும் அம்மாகாணத்தை வாழவைத்தவை இவையல்ல. சந்திதோறும் நிற்கும் சிறு இலக்கப் பலகைகளே என்பது எமது எண்ணம். நம் நாட்டிலோ முதலில் அலங்கார வளைவைக் கட்டிவிட்டுப் பின்னரே வழியைத் தேடும் வழக்கம் மிகுதி.

இனி நம் வன்னியை நோக்குவோம். கெம்பனைப் போலவே அதுவும் பெரும்பாலும் சமநிலம். கெம்பனைப் போலவே காடும் நீர்நிலையும் சிற்றூரும் விரவியது. கெம்பனிற் சுரங்கம் மூடப்பட்டது. வன்னியிலோ போர் ஊர்களையே மூடிற்று. 2009ஆம் ஆண்டின் பின் மக்கள் மீண்டனர், வீதிகள் செப்பனிடப்பட்டன. அவ்வீதிகளிலே இன்று விரைந்து செல்பவர் மிகப் பலர். நின்று பார்ப்பவர் மிகச் சிலர்.

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் பெருவீதி ஏறத்தாழ 50 கிலோமீற்றர். அதன் இருமருங்கும் உள்ள உள்வழிகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒட்டுசுட்டானிலே தான்தோன்றீஸ்வரர் ஆலயம் உண்டு. அதனையடுத்துள்ள கற்சிலைமடு என்னும் ஊரிலே, 1803ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆந் திகதி பண்டார வன்னியனைக் கப்டன் டிறிபேர்க் என்பான் தோற்கடித்ததைக் குறிக்கும் கல் நடப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றிய வீரன் அப்பண்டார வன்னியன். வென்றவன் தன் பெருமைக்கென நாட்டிய கல், தோற்றவன் புகழுக்குச் சான்றாய் நின்றது. வரலாற்றுப் பாடத்தை இதனினும் சுருக்கமாய் எந்நூல் போதிக்கவல்லது?

சற்றே அப்பாற் சென்றால் முத்தையன்கட்டுக் குளம். அக்குளக்கட்டின் மேல் நின்று நோக்கின் ஒருபால் நீரும் மறுபால் வயலும் எல்லையிலே கருங்காடும் தோன்றும். நீர்ப்பாசனம் என்னும் பாடத்தின் முழுப்பொருளும் ஒரே பார்வையில் விளங்கும். கிழக்கே தண்ணீரூற்று, முள்ளியவளை என்னும் பழம்பெரும் ஊர்கள். முள்ளியவளைக் காட்டா விநாயகர் ஆலயத்திலே கடல்நீரால் விளக்கேற்றிய பின்னரே வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வைகாசிப் பொங்கல் நிகழும் என்பது வடபுலத்தார் யாவரும் அறிந்த மரபு. கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லும் அடியார்களும் தலைமுறை தலைமுறையாக இப்பக்கமாகவே நடந்து செல்கின்றனர். ஆகவே, வேகமின்றிச் செல்வது இந்நிலத்துக்குப் புதிதன்று. அதுவே இந்நிலத்தின் பழைய நடை.

வற்றாப்பளைக்கு அருகே நந்திக்கடல் கிடக்கின்றது. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் அப்பெயர் உலகெங்கும் ஒலித்தது. அக்கரையை மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் கடந்து செல்வதற்கும், வண்டியை விட்டிறங்கி அங்கே வாய்மூடி நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டை யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. சில இடங்களிலே விரைவு என்பது மரியாதைக் குறைவாகும்.

1895ஆம் ஆண்டிலே சிவில் சேவை உத்தியோகத்தரான ஜே. பி. லூயிஸ் என்பார் வன்னி மாவட்டங்களைப் பற்றிய கையேடொன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அந்நாளில் மோட்டார் வீதி இல்லை. இன்று நல்ல வீதியும் நிலப்படமும் கைத்தொலைபேசியும் நம்மிடம் உள. எனினும் தம் மாகாணத்துக் குளங்களில் இருபதின் பெயரைத் தடையின்றிச் சொல்லக்கூடிய மாணவர் எத்தனை பேர்? வசதி பெருகப் பெருக அறிமுகம் குறைந்தமை வெட்கத்துக்குரியது.

இக்கோரிக்கைக்குத் தடை கூறுவார் பலவாறு கூறுவர். அவற்றையும் ஆராய்வோம். முதலாவது, நல்ல வீதி வேண்டாம் என்கின்றோம் போலும் என்பது. அன்று. உட்கிராமத்திலே பிள்ளைப்பேற்றுக்கு வருந்தும் தாய்க்கு வைத்தியசாலைக்கு விரைந்து செல்லும் வீதி வேண்டும். உழவனின் நெல் சந்தைக்குச் செல்லும் வீதியும் வேண்டும். யாம் வேண்டுவது, எல்லா வழிகளும் விரைவுக்கே ஆட்படலாகாது என்பதுதான். மண்ணும் கல்லும் ஏற்றிய டிப்பர் வாகனங்கள் பாய்ந்தோடும் வீதியிலே பிள்ளையைத் துவிச்சக்கர வண்டியில் விட எந்தத் தாய்தான் துணிவாள்? ஆகவேதான் குளக்கட்டையும் வாய்க்காற்கரையையும் பழைய மாட்டுவண்டித் தடத்தையும் தனியே பேணுக என்கின்றோம். ஒருமுறை கனரக வாகனத்துக்குத் திறந்துவிட்ட தடத்தை மீளவும் அமைதி வழியாக்குதல் எளிதன்று. இன்னும் திறவாதிருப்பவற்றைக் காப்பது எளிது.

இரண்டாவது தடை அச்சம். யானை உண்டு, கண்ணிவெடியும் உண்டு என்பர். இவ்வச்சம் நியாயமானதே. வெடி அகற்றப்பட்டுப் பொதுமக்கள் நாளாந்தம் பயன்படுத்தும் வழிகளை மாத்திரமே தெரிதல் வேண்டும். அவ்வழியினின்று ஓரடியேனும் விலகிக் காட்டினுட் புகலாகாது. யானை நடமாடும் பகுதிகளிலே வெயிலேறிய பின் சென்று மாலை சாயுமுன் மீளல் வேண்டும். அவ்வூர் அறிந்தவர் ஒருவரின் துணையும் வேண்டும். வனத் திணைக்களத்தாரின் அனுமதியின்றிக் காப்புக்காட்டினுள் நுழைதல் கூடாது. இக்கட்டுப்பாடுகள் பயணத்தின் இன்பத்தைக் குறைப்பனவல்ல. காடு நமதன்று, நாம் அங்கே விருந்தினர் என்னும் அறிவை அவை ஊட்டும்.

மூன்றாவது, வெயில். சித்திரை வெயிலில் இப்பயணத்தை எவரும் விதந்துரையார். ஐப்பசி தொடங்கிப் பெய்யும் மாரி ஓய்ந்த பின், தை பிற்பகுதியிலும் மாசியிலும் குளங்கள் நிறைந்திருக்கும், காடு தழைத்திருக்கும், வெயிலும் பொறுக்கத்தக்கதாகும். ஐரோப்பியர் தம் ஆண்டிற் பல மாதங்களைக் குளிருக்கு இழந்தும் இவ்வமைப்பைப் பேணுகின்றனர். நமக்குச் சில மாதங்கள் போதாவோ?

நான்காவது தடையே உண்மையில் வலியது. இன்றைய இளைஞர் மோட்டார்ச் சைக்கிளை விட்டு இறங்கார் என்பது அது. இளைஞரைப் பழிப்பது முதியோர்க்கு எளிது. ஆயின் அவர்கட்கு வேறெதனை நாம் காட்டினோம்? வேகத்தையே பெருமையென்று கொண்டாடும் சூழலிலே வளர்ந்தவர் வேகத்தை விரும்புவர். இருபது மாணவர் சேர்ந்து, தாமே வழி தேர்ந்து, தாமே சில்லுக்கு ஒட்டுப்போட்டு, இரவில் ஒரு கிராமத்துப் பாடசாலை மண்டபத்திலே தங்கி மீள்வார்களாயின், அப்பயணத்தின் சுவையை அவர்களே ஏனையோர்க்குச் சொல்வர். நாம் உபதேசிக்க வேண்டியதில்லை. ஆண்பிள்ளைகட்கு மட்டும் உரியது இதுவெனவும் கொள்ளலாகாது. தொண்ணூறுகளிலே குடாநாட்டின் வீதிகளைப் பெண்பிள்ளைகளும் இவ்வண்டியாலேயே ஆண்டனர் என்பதை மறத்தல் தகாது.

கிராமத்தார்க்கு இதனால் யாது பயன் என்பதும் வினவத்தக்கது. குளிரூட்டிய வண்டியில் வருபவர் தம் உணவையும் நீரையும் உடன் கொணர்வர். எறிந்து செல்வது குப்பை ஒன்றே. துவிச்சக்கர வண்டியில் வருபவர்க்கோ பசிக்கும், விடாய்க்கும். தேநீர்க் கடையில் அமர்வார், மோர் வாங்குவார், பாலைப்பழக் காலமாயின் பழமும் வாங்குவார், காற்றுப் போயின் சைக்கிள் திருத்துபவரை நாடுவார். தொகை சிறிதே, ஆயினும் அது அவ்வூரிலேயே தங்கும். அதனினும் மேலானது, தம் ஊர் பிறர் வந்து பார்க்கத்தக்கது என்னும் எண்ணம். பிள்ளைகள் ஒவ்வொருவராய் நகரத்துக்கும் கடல்கடந்தும் செல்லும் ஊர்களுக்கு அவ்வெண்ணம் ஓர் ஊன்றுகோலாம்.

ஆதலின் எமது வேண்டுகோள் இது. பழைய மாணவர் உலகின் பல பாகங்களிலிருந்தும் தாய்க் கல்லூரிக்கு வாரி வழங்குகின்றனர். கட்டடம் எழுகின்றது, வளைவு எழுகின்றது, திறப்பு விழாவும் நடக்கின்றது. அவை வேண்டியனவே. அத்தொகையிற் சிறு பங்கை எடுத்துக் கல்லூரியிலே துவிச்சக்கர வண்டிக் கழகமொன்றை நிறுவுக. நம் நாட்டிலேயே செய்யப்படும் உறுதியான வண்டிகள் இருபது போதும்; வண்டியில்லா மாணவனும் ஏனையோரோடு சமமாய்ச் செல்லுதற்கு அவை உதவும். புவியியல் ஆசிரியரின் மேற்பார்வையில் மாணவரே நிலப்படம் வரைக. ஒட்டுசுட்டானையும் வற்றாப்பளையையும் இணைக்கும் உள்வழிகளின் சந்திகளைக் கணக்கிட்டு இலக்கமிடுக. பிரதேச சபையாரினதும் நீர்ப்பாசனத் திணைக்களத்தாரினதும் இசைவைப் பெற்று எளிய மரப்பலகைகளை நாட்டுக. ஆண்டுக்கு ஒருமுறை அப்பலகைகளைப் பார்வையிட்டுச் செப்பனிடுதலைக் கழகத்தின் கடமையாக்குக. நடுவது ஒரு நாள் விழா; பேணுவதே உண்மையான தொண்டு.

பாட்டனார் ஓட்டிய றலி வண்டி இன்றும் சில வீட்டுப் பின்விறாந்தைகளிலே தூசி படிந்து கிடக்கின்றது. அதற்கு எண்ணெயிட்டு, சில்லுக்குக் காற்றடித்து, வரும் தை மாதத்திலே ஓர் ஆசிரியரும் சில மாணவரும் பழைய மாணவர் இருவரும் முதற் பயணம் புறப்படுவராயின் இக்கட்டுரை எழுதிய பயனை யாம் பெற்றவராவோம். அவர்கள் கற்சிலைமடுவிலே இறங்கி நின்று அவ்வீரனை நினைந்து, முத்தையன்கட்டுக் குளக்கட்டிலே அமர்ந்து கட்டுச்சோறு உண்டு மீளுவாராக. மீண்டபின் தாம் கண்ட குளங்களின் பெயரைக் கல்லூரிச் சஞ்சிகையிலே எழுதுவாராக.